பின்வாசல் பள்ளிக்கூடம்

உங்கள் வீட்டுக்காரரிடம் அவர் பள்ளிக்கூடம் போன கதையை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்பதாக இருந்தால் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டுக் கேளுங்கள். கிழங்கு வெந்து, ஆறி, மிச்சத்தை நாய் தின்று முடித்த பிறகும் அவர் இரண்டாம் வகுப்பில்தான் இருப்பார்.

என் கணவன் ஃபின்டன் அந்த ரகம். அயர்லாந்தில் கிளேர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாடுகள், நிறைய ஈரம், இரண்டு குழந்தைகள். ஓர்லாவுக்கு அப்போது ஆறு வயது. கார்மக்குக்கு நாலரை. ஊரில் இருந்த இரண்டு அறைப் பள்ளிக்கூடத்தை அந்தக் கோடையில் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் போதவில்லையாம். ஃபின்டனும் நானும் படித்த இடம் அது. அவன் எனக்கு மூன்று வகுப்பு மேலே. மூடிய அன்று சாமான்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் பூந்தொட்டி எடுத்துப்போனார்கள். இவன் இரண்டு பழைய சாய்வு மேஜை, ஒரு கரும்பலகை, பித்தளை மணி எல்லாவற்றையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு, புதுப்பெண்ணை அழைத்து வருகிறவன் மாதிரி மெதுவாக ஓட்டி வந்தான்.

செப்டம்பரில் ஓர்லாவுக்கு டவுன் பள்ளிக்கூடம். அதற்கு ஒரு பஸ். அந்த பஸ் ஒவ்வொரு முச்சந்தியிலும் நிற்கும், ஒவ்வொரு கன்றுக்குட்டிக்கும் வழிவிடும். விடிந்தும் விடியாமலும் ஏறுகிற பெண், சாயங்காலம் தூங்கிக்கொண்டே திரும்புவாள். டிரைவர் அவளைத் தோளில் தூக்கி வந்து, பால் கேனை இறக்குவதுபோல வாசலில் இறக்கி வைப்பார். களைப்பு போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அதுவரை எங்கள் வீட்டில் அவள் வாய் மூடியதே இல்லை. கோழியோடு பேசுவாள், குழாயோடு பேசுவாள், தூக்கத்தில் யாருக்கோ பதில் சொல்வாள். இப்போது சூப்பைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். எனக்கு அந்தச் சத்தம் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் கல்விக்கொள்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில் அறிவித்தேன்.

"நாளைலேருந்து வீட்லயே சொல்லிக்குடுக்கப் போறேன்."

ஃபின்டன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "யாருக்கு?"

"மாட்டுக்கு. யாருக்குன்னு கேக்குறான் பாரு."

"நீயா? உனக்கு ஏழாம் வாய்ப்பாடு வராதே, நுவாலா."

"உனக்கு எட்டு வராது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு வாத்தியார் தேறும்."

சண்டை போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. சரி என்றான், அரசாங்கத்துக்கு எழுதிப்போட வேண்டியதையும் எழுதிப்போடலாம் என்றான். ஆனால் செய்தால் நிஜப் பள்ளிக்கூடமாகச் செய்ய வேண்டும், சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே கதை சொல்வதெல்லாம் ஆகாது, தானே தலைமை ஆசிரியர், தன்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றான். அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீன் பேய்த் திருநாள் விடுமுறை முடியும்வரை டவுன் பள்ளிக்கூடத்தில் ஓர்லாவின் இடத்தை வைத்திருப்பார்கள். அதற்குள் இது பள்ளிக்கூடம் மாதிரி இல்லையென்றால் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அவள் பஸ் ஏற வேண்டும்.

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்த புருஷனை நம்பலாமா? மறுநாளே விஷயம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் பக்கத்துப் பண்ணை மோசி. கல்யாணமாகாத மனிதர், வயது எழுபது, ரகசியம் என்றால் அவருக்கு நாக்கில் அரிக்கும். ஃபின்டன் அவரிடம் சொல்லியிருக்கிறான்: "மணி, பெஞ்சு, கைகட்டு, வாய்ப்பாடுன்னு முறுக்கிவிட்டேன்னா ஒரே வாரத்துல அவளே ஓர்லாவைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுவா."

அப்படியா சங்கதி என்று மோசிக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

முதல் நாள். தீவன மூட்டை போட்டிருந்த பின்னறையைக் காலி செய்து மேஜை போட்டிருந்தான். குழந்தைகள் இரவு உடையோடு, கையில் ரொட்டியோடு, சமையலறையிலிருந்து அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்கு முகம் சிவந்தது.

"எந்திரிங்க. பள்ளிக்கூடம்னா போகணும். படுக்கைலேருந்து உருண்டு வந்து விழுற இடமா இது?"

கோட்டு, ரப்பர் பூட்ஸ், முதுகில் பை, பையில் ஜாம் ரொட்டி. முன்வாசல் வழியாக வெளியே அனுப்பினான். மழையில் வீட்டைச் சுற்றி நடந்து, பின்வாசல் வழியாக வந்து, கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி உள்ளே வந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட கார்மக் கேட்டான்: "அப்பா, நாங்க இங்கதான இருந்தோம்?"

"மாஸ்டர்."

"மாஸ்டர், நாங்க இங்கதான இருந்தோம்?"

மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஷானன் நதியை வரைந்தார். நதி கடலைத் தொடுவதற்குள் கார்மக் மேஜையில் மைக்கூடு வைக்கிற ஓட்டையில் விரலை விட்டு மாட்டிக்கொண்டான். சோப்பு, வெண்ணெய், மாட்டுக் காம்புக்குப் போடும் களிம்பு என்று எல்லாம் பூசி விரலை எடுப்பதற்குள் பகல் சாப்பாட்டு மணி. ஓர்லா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பார்வை.  பஸ்ஸை நிறுத்திவிட்டு, பஸ் போகிற இடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம்.

அன்று சாயங்காலம் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஃபின்டன் வழக்கம்போலக் குழந்தைகளுக்குத் தன் பள்ளிக்கூடத்துப் பெருமையை அளந்துகொண்டிருந்தான். காளை துரத்தி மதில் ஏறிய கதை. ஓடையில் பூட்ஸ் போய், ஒற்றைக் காலில் வந்து சேர்ந்த கதை. பாதிரியார் தோட்டத்து ஆப்பிளைச் சட்டைக்குள் போட்டு, சட்டை கிழிந்த கதை. ஆயிரம் தடவை கேட்டவைதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"ஃபின்டன், இதெல்லாம் ரோட்டுல நடந்ததுதான?"

"ஆமா, பள்ளிக்கூடம் போற வழியில."

"உள்ள என்ன நடந்துச்சு?"

"உள்ளயா?" என்றான். யோசித்தான். அடுப்பில் கரி எரிந்து ஒரு பக்கம் சரிகிறவரை யோசித்தான். "உள்ள... அடுப்புப் புகையா இருந்துச்சு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு வருஷப் படிப்பில் இவனுக்கு ஞாபகம் இருந்தது புகை மட்டும். எனக்கும் அவனைப் பற்றி ஞாபகம் இருந்தது அதுதான்: ஜன்னலோரம் உட்கார்ந்து, கழுத்தை வெளியே திருப்பிவைத்திருந்த ஒரு பையனின் பின்தலை.

மறுநாள் காலை மிகவும் பணிவாகப் போய் நின்றேன். மாஸ்டர், வீட்டைச் சுற்றி வருவதெல்லாம் ஒரு நடையா, நீங்கள் எவ்வளவு தூரம் நடந்தவர், இந்தப் பிள்ளைகள் வெண்ணெய்க் கால்களோடு வளர்கிறார்களே என்றேன். அவன் மார்பு கொஞ்சம் விரிந்தது. மாட்டுத்தொழுவத்தைச் சுற்றி வரட்டும் என்றான். சுற்றட்டும், ஆனால் பால் லாரி வருகிற நேரம், சின்னப் பிள்ளைகளைத் தனியே அனுப்பலாமா, மாஸ்டரும் கூடப் போவதுதான் முறை என்றேன். முறை என்ற சொல்லைக் கேட்டதும் தொப்பியை எடுத்துவிட்டான். போகிற வழிதானே, இந்த முட்டையை மோசியிடம் கொடுத்துவிடுங்கள் என்று கூடையை ஓர்லா கையில் கொடுத்தேன்.

மோசி வீடு போகிற வழி இல்லை. எதிர்த்திசை.

அதற்கு மறுநாள் மேல்வயல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அப்புறம் ஓடைத் தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியிருக்கிறது என்று. நாலாவது நாள் நான் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. காளை துரத்திய மதிலைக் காட்டுகிறேன் என்று அவனே கூட்டிப்போனான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் பின்வாசலில் நின்று பித்தளை மணியை அடித்தேன். மெதுவாகத்தான் அடித்தேன்.

திரும்பி வந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு, ஆளுக்கு முன்னால் சத்தம் வந்தது. ஓர்லாவின் சத்தம். மோசியின் கழுதைக்கு அவளைவிட நாலு மடங்கு வயது, ஓடையில் நிற்கிற கொக்குக்கு ஒரு கால் குளிராதா, ஹாலோவீன் தாண்டினால் முட்புதர்ப் பழத்தில் பூக்கா என்கிற குட்டிப்பேய் எச்சில் துப்பிவிடும், அதனால் கூடை நிறையப் பறித்துவந்தோம் என்று மூச்சு விடாமல் பேசினாள். பூக்காவுக்கு அம்மா கிடையாதா என்று கார்மக் கேட்டான். நான் பழம் கழுவுகிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். கண் ஈரமாக இருந்ததை மாஸ்டர் பார்த்தால் என் சூழ்ச்சி என்ன ஆவது?

ஒரு நாள் கார்மக் ஓடிவந்து தனக்குக் கூட்டல் தெரியும் என்றான். கல்பாலத்தில் பார்த்தானாம்.

"பாலத்துல என்னடா கூட்டல்?"

"அப்பா பேரு செதுக்கியிருக்கு. பக்கத்துல கூட்டல். அதுக்குப் பக்கத்துல பி. பி யாருன்னு கேட்டா அப்பா சொல்லல."

ஃபின்டன் பூட்ஸைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

"யாரு மாஸ்டர் அந்த பி?"

"அது ஒரு மாடு, நுவாலா."

"மாட்டை யாராவது கூட்டுவாங்களா?"

"நல்ல மாடு அது," என்றான். குனிந்த தலை நிமிரவில்லை. அந்தக் கூட்டல் கணக்கை அப்புறம் நான் பல நாள் போட்டுப் பார்த்தேன். நான் விடை கண்டுபிடித்தது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அந்த பி இப்போது டவுனில் பேக்கரி வைத்திருக்கிறாள். ரொட்டி சுமார்தான்.

நடை நீண்டது. பாடம் சுருங்கியது. பத்து மணிப் பள்ளிக்கூடத்துக்குப் பதினொன்றுக்கு வந்தார்கள், அப்புறம் பன்னிரண்டுக்கு. ஒரு நாள் மூன்று பேரும் வந்து, இருக்கிற இரண்டு மேஜையில் தலை சாய்த்து, மாஸ்டர்தான் முதலில் குறட்டை விட்டார். அக்டோபர் பாதியில் நான் பின்னறைக் கதவைத் திறந்தபோது மைக்கூடு மேஜைக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஷானன் நதி இன்னும் கடலைத் தொடவில்லை. சத்தம் போடாமல் சாத்திவிட்டேன்.

இப்போது ஓர்லா என் தோளுக்கு வந்துவிட்டாள், கார்மக் சைக்கிளில் பறக்கிறான். அந்த இலையுதிர்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மணக்கிற ஈரக் கோட்டுகள்தான். அடுப்புக்கு மேல் கொடியில் மூன்று கோட்டு, ஒன்று பெரியது, இரண்டு சின்னது. மூன்றிலிருந்தும் ஒரே அளவில் ஆவி எழும். எது மாஸ்டருடையது, எது மாணவர்களுடையது என்று ஆவிக்குத் தெரியாது.

ஹாலோவீன் முடிந்தது. உலர்பழ ரொட்டிக்குள் வழக்கப்படி ஒளித்துவைத்த மோதிரம் கார்மக் பல்லில் சிக்கி, அவனுக்குத்தான் முதலில் கல்யாணம் என்று மோசி அவனை அழவைத்ததும் முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை போன் அடித்தது. டவுன் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. இடத்தை வைத்திருக்கவா, விடவா?

எடுத்தது ஃபின்டன். நான் பாத்திரக் கழுவலில் இருந்தேன். குழாயை மூடினேன். அவன் தலையைத் தலையை ஆட்டினான். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பார்வை பின்னறைப் பக்கம் போனது. உள்ளே கோழி கொக்கரித்தது. இது பள்ளிக்கூடம் மாதிரி இல்லையென்றால் என்று அவன் போட்ட நிபந்தனை எனக்கு ஞாபகம் வந்தது. எந்தக் கண்ணால் பார்த்தாலும் அது பள்ளிக்கூடம் மாதிரி இல்லை. கைகட்டு இல்லை, வாய்ப்பாடு இல்லை, மேஜையில் கோழி. என் கையிலிருந்து சோப்புத் தண்ணீர் பூட்ஸுக்குள் சொட்டியது. ஜெயித்துக்கொண்டே வந்து கடைசி வேலியில் கவிழப்போகிறேனோ என்று பயந்தேன்.

வெளியே முற்றத்தில் பையை மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் தயாராக நின்றார்கள். ஓர்லா நாய்க்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

ஃபின்டன் ஜன்னல் வழியாக அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். 

"இல்லம்மா, அனுப்ப முடியாது," என்றான் போனில். "இந்த நேரத்துல நிறுத்த முடியாதுங்க. ஓடைல மீன் ஏறுற சமயம்."

போனை வைத்தான். நான் துணியால் கையைத் துடைத்தேன், ரொம்ப நேரம் துடைத்தேன். சிரிப்பு வந்துவிடக் கூடாதே. ஒரு வாரத்தில் என்னை பஸ்ஸுக்கு ஓடவைக்க நினைத்த மனுஷன், தானே கோட்டு மாட்டி, தொப்பி தேடி, ஜாம் ரொட்டியில் மூன்றாவது பங்கு இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தான். இருந்தது.

கதவுவரை போனவன் திரும்பி நின்றான். தயங்கினான். தொப்பியைக் கையில் எடுத்துச் சுழற்றினான். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவ்வளவு பணிவாக அவன் பேசியதில்லை.

"நுவாலா, நாளைலேருந்து காலைப் பால் கறக்குறதை நீ பாத்துக்கிறியா? எங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிடுது."