குரங்கு அடுக்கி வைத்த கூடு

ஒரு காட்டில், குளத்தின் மேல் சாய்ந்து நின்ற வேல மரத்தில், தணிகாசலம் என்ற தூக்கணாங்குருவி வீடு கட்டிக்கொண்டிருந்தது. வேல மரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் முள். முள் இருந்தால் குரங்கு ஏறாது என்பது அதன் இனத்தில் பரம்பரையாக இருந்துவரும் நம்பிக்கை.

குரங்குக்கும் தூக்கணாங்குருவிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்பது உலகத்துக்கே தெரியும். மழை பெய்யும். குரங்கு நனையும். குருவி புத்தி சொல்லும். குரங்கு கோபத்தில் கூட்டைப் பிய்த்து எறியும். பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்காத பிள்ளை கிடையாது. இந்தக் கதையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று மனிதர்கள் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். தூக்கணாங்குருவிக்கு இரண்டும் ஒன்று. அங்கே மாப்பிள்ளை பெண் பார்க்கப் போவதில்லை. பெண்தான் வீடு பார்க்க வரும். கூட்டைச் சுற்றி வரும், பின்னிய நாரை மூக்கால் இழுத்துப் பார்க்கும், உள்ளே நுழைந்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்க்கும். பிடித்தால் அங்கேயே கல்யாணம். பிடிக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வீட்டுக்குப் பறந்துவிடும். பருவமழை இறங்குவதற்குள் எந்தப் பெண்ணும் உள்ளே வரவில்லை என்றால் அந்த வருஷம் மாப்பிள்ளை தனிக்கட்டை. தணிகாசலம் போன வருஷமும் தனிக்கட்டை, அதற்கு முந்தின வருஷமும் தனிக்கட்டை.

அது கட்டுவதில் குறை ஒன்றும் இல்லை. கட்டத்தான் நேரம் இருப்பதில்லை. நேரத்தை எல்லாம் அறிவுரை தின்றுவிடும்.

புத்தி சொல்லும் ஆசை என்பது சொறி மாதிரி. ஒரு தடவை சொறிந்துவிட்டால் அப்புறம் கை நிற்காது. காட்டில் ஆளாளுக்குப் போன் வந்த பிறகு தணிகாசலத்துக்கு அது முற்றிவிட்டது. 'அழகான கூடு, அமைதியான வாழ்வு' என்று ஒரு குழு ஆரம்பித்து, தினமும் விடிந்ததும் ஒரு பழக்கத்தைப் போட்டது. 'எழுந்ததும் படுத்த புல்லை உதறுங்கள்.' 'எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள்.' காக்கை உடனே கும்பிடு போடும். கரடி கட்டை விரலைத் தூக்கும். மயில் ரோஜாப்பூ அனுப்பும். பிறகு மூன்றும் தத்தம் குப்பைக்குள் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இதில் யாருக்கும் வருத்தமில்லை. புத்தி சொல்வது ஒரு வேலை, கேட்பது ஒரு வேலை, அதன்படி நடப்பது வேறு யாருடைய வேலையோ. காடு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது இந்த ஏற்பாட்டில்தான்.

பக்கத்துப் புங்க மரத்தில் கோதண்டம் என்ற குரங்கு இருந்தது. அதனிடம் போன் இல்லை. அதனால் கட்டை விரலைத் தூக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் வசதியும் இல்லை. அதன் வீடு என்பது ஒரு கிளைப்பிளவு. சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போனது அத்தனையும் அங்கே சேர்ந்திருந்தது. ஒற்றைச் செருப்பு, டிவி இல்லாத ரிமோட், மூடி இல்லாத டிபன் பாக்ஸ், அந்த டிபன் பாக்ஸுக்குச் சேராத மூடி, கவர்களைப் போட்டு வைத்த ஒரு கவர். இவ்வளவுக்கும் நடுவில் படுக்க இடம் இல்லாமல் கோதண்டம் உட்கார்ந்தபடியே தூங்கும்.

ஒருநாள் கோடை மழை பிடித்தது. கோதண்டம் தலைக்கு மேல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நனைந்தது. கூட்டுக்குள்ளிருந்து தணிகாசலம் பார்த்தது. அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு எட்டிப் பார்த்து, "கோதண்டம், நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே" என்று ஆரம்பித்தது.

சுற்றியிருந்த மரங்களில் சத்தம் அடங்கியது. தாய்ப்பறவைகள் குஞ்சுகளின் கண்ணைப் பொத்தின.

"கையி காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு? வீட்டை இப்படிப் போட்டு வெச்சிருந்தா நனையாம என்ன பண்ணும்?" என்று தணிகாசலம் முடித்தது.

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தது. நனைந்த மயிரை வழித்துக்கொண்டது.

"நீங்க சொல்றது நியாயம்தாண்ணே. எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்றது.

இத்தனை வருஷத்தில் தணிகாசலத்திடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் அது கூட்டைவிட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டியது.

"பெரிசா ஒண்ணும் வேணாம்பா. சின்னச் சின்னப் பழக்கம்தான். ஒரே மாதிரி பொருளையெல்லாம் ஒரே இடத்துல, அளவு பார்த்து அடுக்கு. சிக்கலா எதுவும் கிடக்கக் கூடாது, பிரிச்சு நேரா வை. தேவைப்படாததைத் தூக்கி வெளியே போடு. ஒரு இடம் முடிஞ்சா நிக்காதே, பக்கத்து இடத்துக்குப் போ."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பழகிட்டா கை தானா செய்யும்."

கோதண்டம் அன்றே ஆரம்பித்தது. ஒற்றைச் செருப்பு போயிற்று. ரிமோட் போயிற்று. கவர்கள் எல்லாம் மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டு, அப்புறம் அவையும் போயின. மிஞ்சியது வெறும் கிளை. வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கோதண்டம் நீட்டிப் படுத்தது. அப்படி ஒரு தூக்கத்தை அது அறிந்ததே இல்லை. விழித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அதன் இனத்தில் இதுவரை யாரும் ஒரு குருவிக்கு நன்றி சொன்னதில்லை என்பதை நினைத்து வெட்கப்பட்டது. அன்றிலிருந்து தணிகாசலத்தை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தது.

ஒரே ஒரு தொந்தரவு. வீட்டில் அடுக்க ஒன்றும் இல்லை. கையோ பழகிவிட்டது.

அப்போதுதான் ஏரிக்கரைப் பக்கமிருந்து செய்தி வந்தது. பூங்காவனம் என்ற பெண் தன் பெரியம்மாவோடு வீடு பார்க்க வருகிறது. இந்தப் பருவத்தில் கல்யாணத்துக்கு இருந்த கடைசிப் பெண் அதுதான். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. தணிகாசலம் குழுவை மறந்துவிட்டு ராப்பகலாகப் பின்னியது. சுவரில் களிமண் அப்பியது. விளக்குக்காக ஒரு மின்மினியை அந்தக் களிமண்ணில் பதித்தது. இந்தத் தடவையும் தவறினால் அடுத்த வருஷம் தன்னை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்ற பயம் அதற்கு.

அதே மரத்தில், எதிர்க்கிளையில், ஏகாம்பரம் என்ற இன்னொரு மாப்பிள்ளையும் உண்டு. நாலு நாரைத் தொங்கவிட்டுவிட்டு, யார் கேட்டாலும் "வேலை நடந்துக்கிட்டிருக்கு" என்று சொல்லும். அதற்குப் பிறகு தூங்கும்.

பெண் வீட்டாரைக் காட்டு எல்லையில் போய் எதிர்கொண்டு அழைத்துவருவது மரியாதை. தணிகாசலம் புறப்பட்டது.

"கோதண்டம், நான் போய்க் கூட்டிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கப்பா."

"கவலையே படாதீங்க சார். வந்து பாக்கும்போது அப்படியே அசந்துடணும்."

தணிகாசலம் இதைக் கவனித்திருக்க வேண்டும். கல்யாண நினைப்பில் இருப்பவர் காதில் எது ஏறும்?

அது பறந்து மறைந்ததும் கோதண்டம் வேல மரத்தில் ஏறியது. முள் குத்தியது. கோபத்தில் வருகிற குரங்கை முள் நிறுத்திவிடும். நன்றியோடு வருகிற குரங்கை நிறுத்த எந்த மரத்திலும் முள் இல்லை. கையில் ரத்தம் வழிய, கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தது.

பார்த்ததும் திடுக்கிட்டது. உள்ளே அத்தனையும் சிக்கல். நீள நாரும் குட்டை நாரும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து முடிச்சு முடிச்சாகக் கிடந்தன. சுவர் முழுக்கச் சேறு. போதாக்குறைக்கு மொத்த வீடும் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாவம். ஊருக்கே சொல்லித் தர்றவரு. தன் வீட்டைப் பாக்க நேரம் இல்லாம போச்சே" என்று கோதண்டம் மனம் உருகியது. பெண் வீட்டார் இதைப் பார்த்தால் சாரின் மானம் என்னாவது?

முதலில் மின்மினியை விசாரித்தது.

"நீ இங்கே என்ன பண்றே?"

"விளக்கு."

"இப்ப எரியறியா?"

"இப்ப பகல்."

"அப்போ தேவைப்படலே" என்று அதைக் களிமண்ணிலிருந்து விடுவித்து, இறக்கையைத் துடைத்து அனுப்பி வைத்தது. மின்மினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு நார். கோபத்தில் பிய்த்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். கோதண்டம் பொறுப்போடு பிரித்ததால் வெயில் உச்சிக்கு வரும்வரை இழுத்தது. ஒரு நாரைக்கூட அறுக்கவில்லை. ஒவ்வொன்றையும் உருவி, நீவி, நேராக்கி, நீளத்தை ஒத்துப் பார்த்துக் கிளையின் மேல் வரிசையாக வைத்தது. களிமண்ணை உருண்டையாக உருட்டிப் பெரிசு சின்னதாக அடுக்கியது. எதிர்க்கிளையில் தூக்கம் கலைந்த ஏகாம்பரம் இதைப் பார்த்துச் சத்தம் போடலாம் என்று வாயைத் திறந்தது. கொஞ்சம் யோசித்தது. வாயை மூடிக்கொண்டது.

"நல்லா பண்றே தம்பி. அந்த நீள நாரை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வை" என்றது.

தணிகாசலம் பெண் வீட்டாரோடு வந்து இறங்கியது. கல்யாணம் பார்க்கலாம் என்று குழுவில் இருந்த காக்கை, கரடி, மயில் எல்லாம் குளக்கரையில் கூடியிருந்தன. காக்கை போனைத் தயாராகத் தூக்கிப் பிடித்திருந்தது.

"வீடு எங்கே மாப்ளே?" என்று கேட்டது பெரியம்மா.

தணிகாசலம் பார்த்தது. வீடு இருந்த இடத்தில் காற்று இருந்தது. கோதண்டம் ரத்தக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது.

"வாங்கம்மா, வாங்க. சார், பாருங்க. ஒரு சிக்கல் இல்லே."

பெரியம்மா வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்தது. "இவ்ளோ சுத்தமான வீட்டை நான் பாத்ததில்லே. அது சரி, முட்டையை எங்கே வைக்கிறது?"

"முட்டை இடத்தை அடைக்கும்மா" என்றது கோதண்டம்.

பூங்காவனம் மட்டும் ஒரு நாரை எடுத்து இழுத்துப் பார்த்தது. இன்னொன்றை எடுத்தது. "புல்லுலேர்ந்து இதெல்லாம் நீங்களேவா கிழிச்சீங்க?" என்று தணிகாசலத்தைக் கேட்டது. ஒரு பெண் அதனிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான்தான்."

"ஒண்ணுலகூட பிசிறு இல்லே. பெரியம்மா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

"நாரைக் கட்டிக்கிட்டு எங்கேடி குடித்தனம் பண்ணுவே? மேகத்தைப் பாரு."

பூங்காவனம் மேகத்தைப் பார்த்தது. பிறகு தணிகாசலத்தின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "சாயங்காலத்துக்குள்ளே திரும்பப் பின்னிடுவீங்களா? நான் இருந்து எடுத்துக் குடுக்கிறேன்" என்றது.

பின்னியிருக்கலாம். நார் அத்தனையும் முழுசாக இருந்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தணிகாசலம் வாயைத் திறந்தது.

"திரும்பச் சிக்கலாக்கவா சார்?" என்றது கோதண்டம். அதன் முகம் வாடிப்போயிருந்தது. "நீங்க சொல்லிக் குடுத்தபடிதானே பண்ணேன்? தப்பா பண்ணிட்டேனா?"

குளக்கரையில் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. கரடியின் கட்டை விரல் பாதியில் நின்றது. காக்கை போனை இன்னும் கொஞ்சம் உயர்த்தியது. 'தப்பு' என்றால் இத்தனை வருஷம் சொன்னதெல்லாம் தப்பு. நாளையிலிருந்து கும்பிடு கிடையாது, ரோஜாப்பூ கிடையாது. தணிகாசலம் பூங்காவனத்தைப் பார்த்தது. காக்கையின் போனைப் பார்த்தது.

"தப்பே இல்லே கோதண்டம். ரொம்பச் சரியா பண்ணியிருக்கே. வீடுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்றது.

கைதட்டல் எழுந்தது. பூங்காவனம் நாரைக் கீழே வைத்தது. எடுத்த இடத்திலேயே வைத்தது.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தது. "அண்ணே, அப்போ இந்த நாரு உங்களுக்குத் தேவைப்படாதுதானே?"

"தேவைப்படாததை வெளியே குடுத்துடணும். சார் சொல்லியிருக்காரு" என்றது கோதண்டம்.

"எடுத்துக்கப்பா" என்றது தணிகாசலம்.

ஏகாம்பரத்துக்கு அப்படி ஒரு வேலை வாழ்க்கையில் வாய்த்ததில்லை. நீள நார் ஒரு பக்கம், குட்டை நார் ஒரு பக்கம், களிமண் உருண்டை அளவுவாரியாக. தேடவே வேண்டியதில்லை. கேட்கக் கேட்கக் கோதண்டம் எடுத்துக் கொடுத்தது. பொழுது சாய்வதற்குள் எதிர்க்கிளையில் வீடு தொங்கியது. பெரியம்மா இழுத்துப் பார்த்தது, ஆட்டிப் பார்த்தது, தலையை ஆட்டியது. பூங்காவனம் வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போயிற்று. முதல் தூறல் விழுந்தது.

கோதண்டம் கையைத் தட்டிக்கொண்டு வந்து தணிகாசலத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு நார் இல்லாமல், ஒரு பொட்டு மண் இல்லாமல் துடைத்துவிட்டது போலிருந்த கிளையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்தியாகப் பார்த்தது.

"இப்பதான் சார், வீடு வீடா இருக்கு" என்றது.

நீதி: பொருளை எல்லாம் அளவு பார்த்து அடுக்கி வையுங்கள், எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குச் சிரமம் இருக்காது.