மாடம்பாக்கம் கண்ணியக் கையேடு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரம். மூன்றாவது பெரும் பாய்ச்சல், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில், புதன்கிழமை மாலை மெதுவடைக்கும் டீக்கும் நடுவே நிகழ்ந்தது. அன்றுதான் "கண்ணியச் சொல் குழு" பிறந்தது. தலைவர், கணக்கு வாத்தியார் ஏசுபாதம்.

காரணம், அகரம்தென்னிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து பத்தாம் வகுப்பில் சேர்ந்திருந்த ஜென்சி. அவளுக்குக் கண் தெரியாது. இவ்வளவு பச்சையாக எழுதியதற்குக் குழு என்னை மன்னிக்க வேண்டும்.

ஏசுபாதம் தங்கமான மனுஷர். யார் மனதும் நோகப் பேசமாட்டார். பாடம் நடத்தும் விதம் மட்டும் தனி. வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போர்டில் எழுதுவார்: "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனா இது அடிபட்டுடும். அப்ப இது என்ன ஆகும்? இது ஆகும்!" நாற்பது பிள்ளைகளுக்கு அது புரிந்தது.

முதல் நாளே ஜென்சி எழுந்தாள். "சார், இதுன்னா எது சார்?"

ஏசுபாதத்துக்கு வியர்த்துவிட்டது. எழுதியதை வாய்விட்டுப் படித்திருக்கலாம்தான். ஆனால் அவளை என்னவென்று குறிப்பிடுவது என்ற அடிப்படைக் கேள்வியே தீராதபோது, கணக்குக்கு என்ன அவசரம்? அன்று மாலையே குழு அமைத்தார்.

குழு ஏழு முறை கூடியது. தமிழம்மா லோகநாயகி, 'மாற்றுத்திறனாளி' போதும் என்றார்.

"அது கவர்ன்மென்ட் வார்த்தை மிஸ். நம்ம ஸ்கூலுக்குன்னு ஒரு லெவல் வேணாமா?" என்றார் தலைமையாசிரியை அமலராணி.

"அப்ப 'அகவிழிச் செல்வி'?"

"நகைக்கடை பேர் மாதிரி இருக்கு."

"'சிறப்புக் குழந்தை'?" என்றார் ஏசுபாதம்.

"மத்த பேரன்ட்ஸ்லாம், எங்க குழந்தை என்ன சாதாரணமான்னு சண்டைக்கு வருவாங்க சார்."

ஐந்தாவது கூட்டத்துக்கு ஜென்சியையே வரவழைத்தார்கள். எப்படிக் கூப்பிட்டால் மரியாதையாக இருக்கும் என்று கேட்டார்கள்.

"ஜென்சின்னே கூப்டுங்க மேடம். அப்பறம், சார் போர்டுல எழுதசொல்ல வாயால சொல்லிக்கினே எழுதுனா..."

"அது டீச்சிங் மெத்தட்மா. இது மரியாதை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது," என்றார் ஏசுபாதம், மிகுந்த கனிவோடு. "கருத்து வரவேற்கப்பட்டது" என்று மினிட்ஸில் ஏறியது.

ஆனாலும் ஜென்சி எப்படியோ கணக்குப் படித்துக்கொண்டுதான் இருந்தாள். போர்டில் விழுவதையெல்லாம் பக்கத்து சீட் ஸ்ம்ருதி கிசுகிசுப்பாள். ஜென்சி அதைப் பிரெயில் புள்ளிகளாகக் குத்திக்கொள்வாள். காலாண்டில் எழுபத்தொன்று வாங்கினாள். பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் எடுக்க வேண்டும் என்பது அவள் கனவு. அதற்குக் கணக்கில் அறுபது மார்க்காவது வேண்டும்.

அந்தக் கிசுகிசு குழுவின் காதுக்கு எட்டியது.

"இன்னொரு பிள்ளை தயவுல படிக்கறது அவங்க சுயமரியாதைக்கே இழுக்கு மேடம்," என்றார் ஏசுபாதம். நிஜமான அக்கறைதான்.

குழு எழுதிவந்த கையேட்டில் பிறந்தது விதி ஒன்பது: "தனித்துவ இருக்கை." முதல் வரிசையில் ஒற்றை மேசை, நான்கு பக்கமும் மூன்றடி மரியாதை. ஸ்ம்ருதி கடைசி பெஞ்சுக்குப் போனாள். விதி பதினொன்று, 'பாருங்க', 'தெரியுதா' போன்ற சொற்களை வகுப்பில் தடை செய்தது. அவற்றை எடுத்துவிட்டால் ஏசுபாதத்தின் பாடத்தில் 'இது' மட்டும்தான் மிச்சம். அதுவும் புண்படுத்திவிடுமோ என்று பயந்து, அவர் வாயே திறக்காமல் எழுதத் தொடங்கினார். சாக்பீஸ் சத்தம் மட்டும் வெகு கண்ணியமாகக் கேட்டது.

கையேடு முப்பத்திரண்டு பக்கம், வழவழத் தாளில், கலரில் வெளிவந்தது. முதல் பிரதி ஜென்சிக்கு. அவள் தடவிப் பார்த்தாள்.

"சூப்பரா வழுக்குது சார். பிரெயில்ல கீதா?"

"அடுத்த பதிப்புல பரிசீலிக்கறோம்மா."

அரையாண்டில் ஜென்சி வாங்கியது பத்தொன்பது. தாளைத் திருத்தும்போது ஏசுபாதத்துக்கு 'ஃபெயில்' என்று எழுத மனம் வரவில்லை. விதி பதினான்கின்படி "வளரும் மதிப்பெண்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தார்.

அதே வாரம் படப்பையிலுள்ள ஒரு சங்கம் பள்ளிக்கு "புறநகர்க் கண்ணியச் செம்மல்" விருது அறிவித்தது. ஆண்டு விழா மேடையில் ஏசுபாதத்துக்குச் சால்வை. ஜென்சிக்கு நடுநாயகமாக ஒரு நாற்காலி, அதற்கும் நான்கு பக்கம் மூன்றடி இடைவெளி. ஏசுபாதம் மைக்கைப் பிடித்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"பெருமையோடு சொல்கிறேன். இத்தனை மாதத்தில், எங்கள் வகுப்பறையில் ஒரே ஒரு தவறான சொல்கூட இவர்கள் காதில் விழுந்ததில்லை!"

கைதட்டல் தகரக் கூரையில் முட்டியது. சிறப்பு விருந்தினர் உருகிப்போய் மைக்கை ஜென்சியிடம் நீட்டினார். "நிஜமாம்மா?"

"நிஜம்தான் சார். ஒரு தப்பான வார்த்தகூட என் காதுல வுழல."

மறுபடியும் கைதட்டல். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் ஏசுபாதம். சத்தம் அடங்கும்வரை ஜென்சி பொறுமையாகக் காத்திருந்தாள்.

"கணக்கும் வுழல சார்."