படத்துல இருக்கிறது எங்கப்பாதான், மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல மகள் எழுதும் கடிதம். இங்கே நான், உங்கள் தங்கை, மகள், மருமகன் நால்வரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்காலும், உங்களோடு சேர்ந்து வயசாகிவரும் அந்த சைக்கிளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், நீங்கள் தோற்றுவிட்டீர்கள். என் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "மாப்பிள்ளையோட அப்பா துறைமுகத்துல மூட்டை தூக்கினாராம்! அந்த மனுசன் கடலையே பாத்திருக்க மாட்டாரு"ன்னு சொன்னீங்களே, முப்பத்தோரு வருசமா நாலு பேர் கூடுற இடத்துல எல்லாம் அதையே சொல்லிச் சிரிக்கிறீங்களே, அந்தச் சிரிப்பு இன்னையோட முடிஞ்சுது. எனக்குப் பத்து வயசா இருக்கும்போதே எங்கப்பா போயிட்டாரு, சாட்சிக்கு ஆளில்லைங்கிற தைரியம்தானே உங்களுக்கு?

மருமகன் படத்துக்குச் சட்டம் போடுற கடை வச்சிருக்காரில்ல, அவருக்கு ஒரு வேலை வந்துது. துறைமுகத்துப் பழைய சரக்குக் கிடங்கை வெள்ளையடிச்சு, இந்த ஊரோட அந்தக் காலத்துப் போட்டோவெல்லாம் மாட்டிக் கண்காட்சி வைக்கிறாங்களாம். மொத்தம் நாப்பது படம். வீட்ல சும்மாதானே இருக்கேன்னு ஆணி புடிக்க நானும் போனேன். போற வழியில என் செருப்பு வாரு அறுந்து, தைக்கிறவரைத் தேடி மூணு தெரு சுத்தி, அவரு தன் மாமியார் கதையை ஆரம்பிச்சு... சரி, மகள் முறைக்கிறா, அதை நேர்ல சொல்றேன்.

ஒரு படத்துல பாய்மரக் கப்பலு, ஒண்ணுல கலங்கரை விளக்கம், ஒண்ணுல வண்டி மாடுங்க வரிசையா நிக்குது. மனுசங்க ஒருத்தர் மூஞ்சிலயும் சிரிப்பில்ல, மாடு ஒண்ணுதான் சிரிச்ச மாதிரி இருக்கு. பதினேழாவது படத்துல பன்னெண்டு ஆளுங்க மூட்டையோட பலகை மேல ஏறிக் கப்பலுக்குப் போறாங்க. மூணாவது ஆளு நேரா என்னையே பாக்குறாரு. இடது கன்னத்துல சட்டைப் பொத்தான் அளவு மச்சம். எங்கப்பா! கீழே "பெயர் தெரியாத தொழிலாளர்கள்"னு எழுதியிருக்குன்னு மருமகன் படிச்சாரு. "எனக்குத் தெரியும்யா பேரு!"ன்னு நான் போட்ட சத்தத்துல ஏணியில இருந்தவன் இறங்கிட்டான்.

கண்காட்சி நடத்துற அம்மா ஓடி வந்தாங்க. நல்ல மனுசி. "எழுதிக்கலாம் ஐயா, அழாதீங்க"ன்னு தண்ணி குடுத்தாங்க. நான் எங்க அழுதேன், வெள்ளையடிச்ச தூசி.

அதோட விட்டேனா? இருபத்திரெண்டு வருசம் நெல்லுக் குடோன்ல மூட்டை தூக்கினவன் கண்ணு சும்மா இருக்குமா? "அம்மா, படம் தப்பு"ன்னேன். "மூட்டை இடது தோள்ல இருக்கணும். வலது கையில மூட்டையக் குத்தி இழுக்குற கொக்கி இருக்கும், பலகையில ஏறுறப்போ கயிறு புடிக்கவும் அந்தக் கைதான். இங்க பன்னெண்டு பேரும் வலது தோள்ல தூக்கியிருக்காங்க. ஒருத்தன் இடது கைக்காரனா இருப்பான், பன்னெண்டு பேருமா?" அந்தம்மா சிரிச்சாங்க. "அந்தத் தொப்பி போட்ட மேஸ்திரியைப் பாருங்க, சட்டைப் பொத்தான் பொம்பளைப் பக்கம் இருக்கு. வீட்டுக்காரி சட்டையப் போட்டுட்டா வேலைக்கு வந்தாரு?"ன்னேன். சிரிப்பு நின்னுது. அப்பல்லாம் கண்ணாடித் தகட்டுலதான் படம் புடிப்பாங்களாம், தகட்டைப் பின்பக்கமாத் திருப்பி வச்சு அச்சுப் போட்டதுல இடது வலதா மாறிப்போச்சாம். படிச்ச எட்டுப் பேரு பாத்தும் தெரியலை. திருப்பி அச்சடிச்சு நாளைக்கு மாட்டுறாங்க. எனக்குத் திறப்பு விழாவுல முன் வரிசை நாற்காலி.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரவும். படத்துக்கு முன்னாடி நின்னு "நான் பேசினது தப்பு"ன்னு ஒரே ஒரு வார்த்தை, போதும். உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் தலையில் என் சார்பாக நீங்களே கை வைத்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மச்சான், ஞாயித்துக்கிழமை வர வேணாம். இன்னைக்குக் காலையில புதுப் படத்தை மாட்டினாங்க, உங்க தங்கச்சியையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். மூட்டையெல்லாம் இடது தோளுக்கு வந்துருச்சு, மேஸ்திரி ஆம்பளைச் சட்டை போட்டுட்டாரு, மச்சம் வலது கன்னத்துக்குப் போயிருச்சு. எங்கப்பாவுக்கு வலது கன்னம் வழுவழுன்னு இருக்கும். "இவரு எங்கப்பா இல்லம்மா, பேரை அழிச்சிருங்க"ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டேன். உங்க தங்கச்சி மட்டும் அங்கயே நின்னா. மூக்குக்கண்ணாடியக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுப் பாத்தா. அப்புறம் மெதுவா, "ஏங்க, இது எங்கப்பா. நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே போயிட்டாரு, நீங்க பாத்ததில்ல"ன்னா. "துறைமுக ஆபீசுல நாற்காலி போட்டு உக்காந்து கணக்கெழுதினாருன்னுதானே எங்க வீட்ல சொல்லுவாங்க. அண்ணன் தாங்காது. அண்ணனுக்கு மட்டும் இதை எழுதிராதீங்க"ன்னு கையப் புடிச்சுக்கிட்டா. அதனால இதை நான் உங்களுக்கு எழுதலை.