பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை

சிரஞ்சீவி பராசரனுக்கு, மைசூர் ரிங் ரோடு லேஅவுட்டிலிருந்து அத்திம்பேர் ஸாரங்கபாணி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான் க்ஷேமம். சாக்கடை என்னைவிட க்ஷேமம், வாசலைத் தாண்டிக் கூடத்துக்கே வந்துவிட்டது.

உன் அக்கா யதுகிரி, "இந்த நாத்தம் போனப்புறம்தான் இந்தாத்துப் படி ஏறுவேன்" என்று மேலுகோட்டைக்கு, உன் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. நான் சும்மா இருந்தேனா? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தாலும் நகரசபைச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நாம் ஓட்டுப் போட்டால் கவுன்சிலர், கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டால் தலைவர், கமிஷனரை சர்க்கார் அனுப்புகிறது. இத்தனை பேர் இருந்தும் மண்வெட்டி பிடிக்க ஒருத்தன் இல்லை, என்ன அக்கிரமம்! கவுன்சிலர் உமேஷைப் பார்த்து கர்ஜித்தேன், தெருவில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவனோ, "கோபிச்சுக்காதீங்க மாமா, உங்க காம்பவுண்டு வரைக்கும்தான் நம்ம பதினேழாம் வார்டு. சாக்கடை பதினெட்டு" என்றான். பதினெட்டின் கவுன்சிலரம்மா, "ஓடினா எங்களுது சார். நின்னுபோச்சே, அது ஹெல்த் டிபார்ட்மெண்ட்" என்றாள். ஹெல்த்தில், "ஸ்லாப் உடைஞ்சு அடைச்சிருக்கு, இஞ்சினியர்கிட்ட போங்க." இஞ்சினியர் கமிஷனரைக் காட்டினார். கமிஷனர் மீட்டிங்கில்!

கிளார்க் சித்தையனின் மேசையில் ஓங்கிக் குத்தினேன், தேக்கு மேசை இரண்டாகப் பிளந்தது. "இந்த வார்டில ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும், எங்கிட்ட பொறுப்பைக் கொடுத்துப் பாருடா!" என்றேன். நடுங்கிப்போய், "அஷ்டே தானே சார், அவ்வளவுதானே?" என்று கன்னடத்தில் அச்சடித்த ஒரு ஃபாரத்தை நீட்டினான். "படிச்சுப் பாத்துப் போடுங்க." "எனக்கே பாடமா?" என்று ஒரே வீச்சில் கையெழுத்திட்டேன். நாளைக்கே நூறு ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் யதுகிரியை ஏற்றிவிடு. மோர்சாதம் தின்றே நாக்கு செத்துவிட்டது.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தை மானஸாவுக்கும் ஆசி. உங்கள் ஊர்ப் பெருமாள் செல்லப்பிள்ளை கிருபையால் உங்கள் தெருத் தண்ணீர் உங்கள் தெருவோடு போகட்டும்.

இப்படிக்கு,
ஸாரங்கபாணி

பி.கு.: எழுதி இரண்டு நாளாகியும் கவரை ஒட்டவில்லை, அதற்குள் நகரசபைத் தபால் வந்தது. நான் கையெழுத்திட்டது புகார் இல்லையாம், வார்டு கமிட்டியில் சேர விண்ணப்பமாம். சேர்த்துவிட்டார்கள். தெருச் சுத்தத்துக்கு இனி நானும் பதில் சொல்ல வேண்டும், சம்பளம் கிடையாது. மேலே எழுதிய வசவையெல்லாம் அடித்துவிடு. வெளியே நின்று குறை சொல்வது சுலபம், பராசரா. அந்தத் தபாலோடு, நான் பதில் சொல்ல வேண்டிய முதல் புகார் மனுவும் இருக்கிறது, நம் வாசல் சாக்கடையைப் பற்றித்தான். விலாசம் உன்னுடையது, கையெழுத்து உன் அக்காவுடையது. பக்குவமாகச் சொல்: மனு கிடைத்தது, கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது, அதுவரை அவள் உன்னிடமே இருக்கட்டும்.