உத்தரவாதப் பத்திரமும் ஒரு வாத்தும்

"மச்சான், நீ எனக்கு வித்தியே வீடு, அதுல படகுத்துறை உன்னுதே இல்லையாமே!" என்றான் வெர்ன் தொலைபேசியில்.

டெல்பர்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிசூரியில் ஏரிக்கரை வீட்டை மனைவியின் தம்பி வெர்னுக்கு எழுதிக் கொடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"அளந்து பாத்தாச்சு. துறை நிக்கிற பத்தடிக் கரை பக்கத்து வீட்டு லொரெட்டாவுது. நீ அதையும் சேத்து எழுதிட்டே."

'எனக்கு இதில் ஏதாவது இருந்தால் அது உனக்கு' என்று நழுவுகிற பத்திரம் ஒன்று உண்டு. டெல்பர்ட் அதைத் தொடவில்லை. 'இது முழுக்க என்னுடையது, யார் உரிமை கொண்டாடி வந்தாலும் நான் முன்னால் நிற்பேன்' என்று மார்தட்டுகிற உத்தரவாதப் பத்திரத்தில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கோர்ட்டுக்குப் போவியா மாப்ளே?"

"அக்கா வீட்டுக்காரர் மேலயா? விடு. எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது."

போனை வைத்ததும் டெல்பர்ட்டின் முகம் மலர்ந்தது. முப்பது வருடம் தூண்டில் போட்ட இடம். ஊருக்குள் அடுக்குமாடிக்கு வந்த பிறகு அவர் ஏங்கியது அந்தத் துறைக்காகத்தான்.

"வில்மா! என்னுதா இல்லாததை நான் எப்படி வித்திருக்க முடியும்? இப்ப லொரெட்டாகிட்ட வாங்கினா அது எனக்கு மட்டும்!"

"என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை…"

"மூச்சு விடாதே."

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற லொரெட்டா பணம் கேட்கவில்லை. "வேலிக்கு நீல பெயின்ட் அடிச்சுக் குடு."

அடித்தார்.

"இது ஆஸ்பத்திரி நீலம். மறுபடி அடி."

அவசரத்தில் ஏணியைச் சாய்த்ததில் கூரையின் மழைநீர்க் குழாய் பெயர்ந்தது. குழாயை மாற்றும்போது அது நழுவி வாத்துக் கூண்டின் மேல் விழுந்தது. அதில் குடியிருந்தது 'ஜெனரல்' என்கிற முரட்டு ஆண் வாத்து.

"வீட்டை உடைச்சது நீ. இனி அவன் உன்கூடத்தான். சம்மதம்னா கையெழுத்துப் போடறேன்."

ஜெனரல் டெல்பர்ட்டின் குளியல் தொட்டியில் குடியேறினான். வில்மா அடுக்குமாடியில் எதிர் வீட்டில் போய்க் குளித்தாள். "என் குளியலறைக்குள்ள போக நான் சல்யூட் அடிக்கணுமாங்க?"

"துறை வந்ததும் அவனை அங்கே விட்டுடலாம்மா."

ஒருவழியாகப் பத்திரம் கைக்கு வந்தது. வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓடினார். எழுத்தர் டார்லீன் முத்திரை குத்தினாள். பழைய பத்திரத்தையும் எடுத்துப் பார்த்தாள்.

"வாழ்த்துகள் சார். துறை வெர்னுக்குப் போயிடுச்சு."

"நான் எழுதிக் குடுக்கலையே!"

"ஏப்ரல்லயே குடுத்துட்டீங்களே. என்னுதுன்னு உத்தரவாதம் குடுத்து வித்தீங்க. அன்னிக்கு அது உங்ககிட்ட இல்ல. இன்னிக்கு வந்துது. வந்த நிமிஷமே அந்த உத்தரவாதம் அதைப் பிடிச்சு அவர் கையில குடுத்துடும். தனியா எழுதவே வேண்டாம்."

ஜெனரல் அவர் காதைக் கொத்தினான். டெல்பர்ட்டுக்கு உறைக்கவில்லை.

"பாவம், வெர்னுக்கு இது தெரியாது," என்றார் கடைசி நம்பிக்கையோடு.

"தெரியாதா? மே மாசமே வந்து இந்தச் சட்டத்தைக் கேட்டுக் குறிச்சுக்கிட்டுப் போனாரே! 'லொரெட்டாகிட்ட நான் வாங்கப் போனா என் தலையில வாத்தைக் கட்டிடுவா, நம்மால ஆகாது. மச்சானுக்கு ஒரு போன் போட்டா போதும்'னு சொன்னாரு."