குதிரைக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது

திண்டுக்கல் வட்டாரத்தில், டிரில் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்த எவரும் நுழைந்த வாசல் வழியாகத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், ஒருமுறை வழிதவறி வந்த வெள்ளாடு என்று எல்லோரும் முன்வாசலில் போய்ப் பின்வாசலில்தான் வெளியே வந்தார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாணார்பட்டிக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய ஜமீன் பங்களா. பங்களா இடிந்து பல காலம் ஆயிற்று. மிஞ்சியது அதன் குதிரை லாயம்தான். ஆளுக்கொரு அறையாக அதை வாடகைக்கு விட்டிருந்தார் ஜமீன் பேரன். ஒரு குதிரை நின்ற இடத்தில் நான் குடியிருந்தேன். குதிரை மூத்திரம் வடிவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். படுத்தால் விடிவதற்குள் வாசலுக்கு உருண்டு வந்திருப்பேன். கொள்ளுத் தொட்டியில் அடுப்பு, குதிரையைக் கட்டிய இரும்பு வளையத்தில் சட்டை. கதவு இடுப்பளவில் இரண்டாக வெட்டியது. மேல் பாதியைத் திறந்து தலையை நீட்டினால், ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிற பார்வையில் எனக்கே புல் தின்னத் தோன்றும்.

லாயத்தின் கோடியில் சாரட்டு வண்டி நிறுத்திய கொட்டகை. அதில்தான் டீச்சர். பள்ளிக்கூடத்தில் டிரில் எடுத்து ஓய்வு பெற்றவர். விசில் மட்டும் ஓய்வு பெறாமல் கழுத்தில் ஜெபமாலையோடு தொங்கும். கொட்டகைக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு, நேர் எதிரே பின்னால் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கல் தரையில் சக்கரம் தேய்த்த தடம். வளைவுகளின் காலடியில், சக்கரம் சுவரை உரசாமல் தள்ளிவிட, முழங்கால் உயரத்துக்கு முட்டுக்கல். என் பெருவிரல் நகத்தைக் கொண்டுபோனது அந்தக் கல்தான்.

"குதிரைக்கு ரிவர்ஸ் கியர் கெடையாதுலே. பூட்டுன வண்டி முன்னால வரும், ஆள எறக்கும், பின்னால போகும். அதுக்குத்தான் ரெண்டு வளைவு வச்சுக் கட்டிருக்கான். நடுவுல நின்னு திரும்புறவன் கட்டடத்த அவமானப்படுத்துறான்," என்பார்.

"நான் குதிரை இல்ல டீச்சர்."

"அது தெரியுது. குதிரைன்னா சொன்னாக் கேக்கும்."

கொடுமை என்னவென்றால், செருப்பு. முன்வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பின்வாசலுக்கு வெளியே நெருஞ்சிக் காடு. வெறுங்காலோடு லாயத்தையே சுற்றி வந்துதான் செருப்பைத் தொட முடியும். கையில் எடுத்துப் போகிறேனே என்று ஒருநாள் கேட்டதற்கு, "மாதா சுரூபம் இருக்குற வீட்டுக்குள்ள செருப்பத் தூக்கிட்டு நடப்பியா நீ?" என்று விசிலை வாயில் வைத்தார். ஒரு கரண்டி உறைமோர் வாங்கப் போய், உள்ளங்கால் முழுக்க முள்ளோடு திரும்பும் காலைகளில், இந்த அம்மாவை யாராவது காலி பண்ண மாட்டார்களா என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

காலி பண்ணத்தான் ஜமீன் பேரன் கிளம்பினார். கல்யாணத்துக்கு முந்தி ஜோடிகளை நிறுத்திப் போட்டோ எடுக்க இந்த இடம் பிரமாதம் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். பின் வளைவை அடைத்து, அதன்மேல் பிளாஸ்டரில் ஒரு குதிரைத் தலை ஒட்டி, கலர் லைட் போட்டால் 'பேக்ரவுண்டு' ஆகிவிடுமாம். நிஜக் குதிரை போன வழியை அடைத்துவிட்டுப் பொம்மைக் குதிரையை ஒட்டுகிறாராம். கருங்கல்லில் தடம் விழ எத்தனை சக்கரம் உருண்டிருக்க வேண்டும்? அவருடைய தாத்தாவே அங்கேதானே வண்டியிலிருந்து இறங்கியிருப்பார்? அந்தத் தடத்தையும் பளபளவென்று டைல்ஸ் போட்டு மூடப்போகிறார்களாம்.

டீச்சர் முடியாது என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா பேரன்? ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொத்தனாரைக் கூட்டி வந்து, பின் வளைவைச் செங்கல் வைத்து உச்சி வரை அடைத்துவிட்டார். நான் போய்த் தொண்டை கிழியக் கத்தினேன். கொத்தனார் கலவை குழைப்பதைக்கூட நிறுத்தவில்லை.

திரும்பி வந்த டீச்சர் பூட்டைத் திறந்து உள்ளே போனார், கூடவே நானும். ஈரச் சுவரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள வந்தாச்சு. போற வழிய அடைச்சுட்டானுக. இனி நான் உள்ளதாம்லே."

அவர் ஒண்டிக்கட்டை, அந்த வயதில் போவதற்கு வேறு வீடு கிடையாது.

கொஞ்ச நேரத்தில் ஜமீன் பேரன் சமாதானம் பேச வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்து, "டீச்சரம்மா, ஒரு வாசல் போதாதா? வேணும்னா ஒங்களுக்கு வேற எடம் பாத்துத் தாரேன்," என்றார்.

டீச்சர் எழுந்து போய் முன்கதவைச் சாத்தினார். நம் திண்டுக்கல் பூட்டை உள்பக்கம் மாட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"முன்னால வந்தீக. பின்னால போங்க தம்பி."

"பின்னால சுவரு இருக்கே."

"நீங்கதான கட்டுனீக."

"போலீசுக்குப் போன் போடுவேன்."

"போடுங்க. அவுகளும் முன்னால வந்து பின்னால போகட்டும்."

பேரன் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களாச்சும் சொல்லுங்க."

"நான் சொல்ல என்ன இருக்கு? குதிரைக்கு ரிவர்ஸ் கியர் கெடையாது," என்றேன். இன்னொரு நாற்காலியை எடுத்து டீச்சர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பொழுது சாய்கிற வரைக்கும் அவரும் விறைப்பாகத்தான் நின்றார். பிறகு வேர்த்து வழிய, "யோவ், கடப்பாறையோட வாய்யா," என்று கொத்தனாருக்குப் போன் போட்டார். சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும் பேரன் பாய்ந்தார். விசில் பறந்தது. "இருங்க தம்பி. முழுசா இடிக்கட்டும்," என்றார் டீச்சர். கடைசிச் செங்கல்லும் விழுந்த பிறகுதான் விட்டார். சாக்ஸில் நெருஞ்சி ஒட்டினால் மனிதன் எப்படி நடப்பான் என்பதை, ஜமீன் வாரிசு லாயத்தைச் சுற்றிப் போனபோது ஆசை தீரப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த வளைவில் யாரும் கை வைக்கவில்லை.

எனக்கு மாற்றல் வந்து காலி செய்த அன்று டீச்சரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "செத்த நேரம் இரு," என்று பின்பக்கம் போனார். ரொம்ப நேரமாக ஆளைக் காணோம். காப்பியைக் குடித்து முடித்து, முள்ளுக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு பின் வளைவைத் தாண்டினேன்.

காலடியில் என் செருப்பு, வெளியே பார்த்தபடி ஜோடியாக இருந்தது. டீச்சர் முட்டுக்கல்லில் உட்கார்ந்து உள்ளங்காலிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குற? மாட்டிட்டுக் கெளம்புலே," என்றார், தலையை நிமிர்த்தாமல். "அடுத்தவாட்டி வரையில முன்னால வா."