விழுந்தால் உன்னுடையது

வலது காலைத் தூக்கி சீட்டுக்கு அந்தப் பக்கம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் நெவில் பைபஸின் வலது கால் பாதி தூரம் ஏறியதும் சீட்டின் மேலேயே பூனை மாதிரி படுத்துக்கொண்டது. அந்தப் பக்கமும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை.

"கை கொடுக்கவா அண்ணே?" என்றான் பைக்கை விற்கும் கிரெக்.

"வேணாம், வேணாம். சும்மா சோம்பல் முறிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற காருக்குள் நெவிலின் மனைவி ரேலீன் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பேனா நின்றது. அதைக் கண்டதும் நெவில் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அப்பால் தள்ளினார். இடுப்பில் ஏதோ 'டக்' என்றது. எப்படியோ உட்கார்ந்துவிட்டார்.

பைக்கில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மழை நாளில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்து தோளில் தகடு வைத்தார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கண் விழிப்பதற்குள் ரேலீன் அந்த பைக்கை விற்றிருந்தாள். அதற்குப் பிறகு கார்தான். காரில் எல்லா வசதியும் இருந்தது. ஒன்றுதான் இல்லை. எதிரே வரும் பைக்காரன் லேசாகத் தலையைச் சாய்த்து மரியாதை செய்வான். அது இன்னொரு பைக்காரனுக்கு மட்டும்தான். காரில் போகிறவனை எவன் பார்க்கிறான்? இதற்காகத்தான் ஏங்குகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல நெவிலுக்கு வெட்கம்.

போன மாதம் அவள் ஒருவழியாகச் சம்மதித்தாள். முதலில் பார்த்த ஆயிரம் சிசி வண்டியில் குனிந்து உட்கார்ந்தபோது முழங்கால் காதுவரை வந்தது. அடுத்தது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற, பின்னால் பெட்டி வைத்த வண்டி. ரேலீனுக்கு ரொம்பப் பிடித்தது, அதனாலேயே அவருக்குப் பிடிக்கவில்லை. இது அறுநூற்றைம்பது சிசி. ரேஸ் வண்டி முகம், செக்கச்செவேல் நிறம், ஆனால் ஹேண்டில் கொஞ்சம் உயரம். ஆசைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு சமாதானம்.

ஏறுவதற்கு முன்பே வாங்கத் தெரிந்தவர் மாதிரி எஞ்சினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. லேசில் ஸ்டார்ட் ஆகாத வண்டியென்றால், ஆள் வருவதற்குள் சூடு பண்ணி வைத்திருப்பார்கள். செயினை இழுத்துப் பார்த்தார், டயரைத் தடவினார். வலது பக்கத்தை மட்டும் சரியாகப் பார்க்க முடியவில்லை. பைக் வேலிச் செடியை ஒட்டி நின்றது. போதாததற்கு, வெளியே உருட்டி வந்த கிரெக்கும் அந்தப் பக்கமாகவே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். படிக்கிற கண்ணாடி வேறு சட்டைப் பையில் இருந்தது.

"வழக்கம் தெரியுமில்ல? கீழ போட்டா வண்டி உங்களோடது," என்றான் கிரெக்.

"தெரியும்பா."

கார் ஜன்னல் இறங்கியது. "நெவ், நம்ம வீட்டு வழக்கத்தையும் ஞாபகம் வச்சுக்க. ஒரு தடவை கீழ போட்டே, இந்த ஜென்மத்துல பைக்குங்கிற பேச்சே கிடையாது."

"என்ன ரேல், ஆரம்பிக்கும்போதே..."

"நான் அழுது முடிச்சாச்சு. இன்னொரு தடவை அழ என்னால ஆகாது." ஜன்னல் ஏறிக்கொண்டது.

நெவில் கிளம்பினார். முதல் வளைவில் பயம். இரண்டாவது வளைவில் பழக்கம். ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே போகிறபோது ஹெல்மெட்டுக்குள் அவருக்கே தெரியாமல் பாட்டு வந்தது.

திரும்பலாம் என்று, சாலையோரம் ஆளில்லாத ஆப்பிள் கடை ஒன்றின் முன்னால் ஹேண்டிலை ஒடித்தார். இந்த மாதிரி வண்டிக்கு ஹேண்டில் பாதிக்கு மேல் திரும்பாது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பைக் நின்றுவிட்டது. ஊன்றிய வலது கால் ஈரப் புல்லில் புதைந்தது. மெத்தை போல் வளர்ந்திருந்த புல்லில், சத்தமே இல்லாமல், பசுமாடு படுப்பது போல பைக் வலது பக்கமாகப் படுத்தது. கூடவே நெவிலும் படுத்தார்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பைக் வந்தது. ஓட்டியவன் தலையைச் சாய்த்தான். நெவிலும் படுத்தபடியே சாய்த்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை நிமிர்த்தினார். சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒன்றும் ஆகவில்லை என்று மூச்சு விட்டவர், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடியை மாட்டினார். வலது பக்கத்தில், சிவப்புக்கு நடுவே, முடி மாதிரி ஒரு கோடு.

புல் கீறுமா? அடியில் கல் இருந்திருக்கும்.

வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். கல்லாவில் இருந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததும், "என்ன கண்ணு, பேயடிச்ச மாதிரி இருக்கே?" என்றாள்.

"ஒரு சின்னக் கறை. எடுக்கணும்."

"இந்தா, இந்த தின்னர் பாட்டிலை எடுத்துட்டுப் போ. எதுவா இருந்தாலும் வந்துடும்."

உண்மையாகவே வந்தது. துணியில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தார், துணி சிவந்தது. கோடு விரல் நீளமாயிற்று. பதறி இன்னும் தேய்த்தார், முழங்கை நீளமாயிற்று. அடியில் வெள்ளையாகப் பிளாஸ்டிக் தெரிந்தது. நான் என்ன வண்டியைத் தோலுரிக்கிறேனா?

உள்ளே ஓடினார். "ஸ்டிக்கர் இருக்கா? பெருசா?"

"ஒண்ணுதான் இருக்கு," என்று அந்த அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் நிறம். அதில் 'வண்டியில் குழந்தை இருக்கிறது' என்று எழுதியிருந்தது.

"வேற?"

"வேற குழந்தை இல்ல கண்ணு."

ஒட்டினார். கோடு மறைந்தது. செக்கச்செவேலென்ற ரேஸ் வண்டியின் விலாவில் மஞ்சள் குழந்தை சிரித்தது.

கிரெக்கின் வீட்டுக்குள் நுழைந்ததும், வலது பக்கம் வேலிச் செடிக்குள் புதைகிற மாதிரி வண்டியை நிறுத்தினார். கிளைகள் முறிந்தன. கிரெக் ஓடி வந்தான். செடிக்கும் வண்டிக்கும் நடுவே எட்டிப் பார்த்தான். ஸ்டிக்கரைப் பார்த்தான். எச்சில் விழுங்கினான்.

நெவில் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா இருக்கு," என்றான் கிரெக்.

"என்னது?"

"குழந்தை. வண்டிக்குப் பொருத்தமா இருக்கு. முடிச்சுக்கலாமா? சொன்ன விலையில வேணும்னா குறைச்சுக்கிறேன்."

"வேணாம், வேணாம்! சொன்ன விலையே இருக்கட்டும்," என்றார் நெவில் அவசரமாக.

"இல்லண்ணே, குறைச்சுக்கிறேன்."

"குறைச்சா எனக்குக் கோபம் வரும்!"

இரண்டு ஆண்பிள்ளைகள் விலையில் விட்டுக்கொடுக்கப் போட்டி போடுவதை ரேலீன் அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. காரை விட்டு இறங்கினாள். நேராக வேலிக்குப் போனாள். கிளையை விலக்கினாள்.

"நெவ். எந்தக் குழந்தை?"

"அது... சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

"நமக்கு இருக்கிற ஒரே குழந்தை மெல்போர்ன்ல பல்லு புடுங்கிட்டிருக்கான்." ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பி ஒரே இழுப்பு இழுத்தாள். மிச்சமிருந்த சிவப்பும் அதோடு வந்தது.

செடியிலிருந்து ஒரு இலை விழுந்தது.

"கீழ போட்டுட்டேன் ரேல்," என்றார் நெவில். குரல் உள்ளே போய்விட்டது. "ஆப்பிள் கடைகிட்ட. திருப்பும்போது."

அவள் முதலில் அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இடுப்பை. "அடி பட்டுச்சா?"

"இல்ல."

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்போ சரி. ஹெல்மெட்டைக் கழட்டு. இத்தோட முடிஞ்சுது."

நெவில் கழற்றினார். படுத்தபடி வாங்கிய அந்த ஒரு தலைச்சாய்ப்புதான் இனி மிச்சம்.

கிரெக் தொண்டையைக் கனைத்தான். யார் முகத்தையும் பார்க்காமல் ஷூவைப் பார்த்துப் பேசினான். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல..."

"இருக்கு," என்றாள் ரேலீன். "எங்க ஆளு கீறினதுக்கு நாங்கதான் பொறுப்பு. வாங்கிக்கிறோம். கொட்டகையில நிக்கட்டும். கோழிங்க ராத்திரி ஏறி உக்காரும்."

நெவில் சாவியைக் கையில் வாங்கினார். இருபது வருடமாக ஏங்கிய பைக் அவருடையதாகிவிட்டது, ஓட்ட முடியாதபடி. எஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். இப்போது அது சூடாக இருந்தது.

அப்போது வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பிய பட்டுப் பாவாடையும் தலையில் சுருட்டிய துண்டுமாக கிரெக்கின் மனைவி டோனா வாசலில் நின்றாள். ஒரு கை விரல்களில் பளபளவென்று சிவப்பு. இன்னொரு கையில் காலி பாட்டில்.

"கிரெக்! நேத்து வண்டியைக் கீழ போட்டு நீ கீறினதுக்கு, என் நகப்பூச்சு முழுசையுமா பூசித் தொலைப்ப? எனக்கு ஒரு கைக்குத்தான்யா காணுது!"